நினைவகம் தீரும்போது உறையும் லினக்ஸ்: 4 ஜிபி கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களின் மின்னஞ்சல் குழுவுக்குப் பயனர் ஒருவர் நீண்ட புகார் ஒன்றை அனுப்பினார். நினைவகம் தீர்ந்துபோகும் கட்டத்தில் லினக்ஸ் செயலற்று உறைந்துவிடுகிறது, எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் அதன் சாரம். வெறும் புலம்பலாக அது இல்லை. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துபார்க்கும்படி செய்முறையும் அதில் இருந்தது: 4 ஜிபி ரேமை மட்டும் பயன்படுத்தும்படி கெர்னலுக்குச் சொல்லிக் கணினியைத் தொடங்க வேண்டும். ஸ்வாப்பை (ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவைக்கும் இடத்தை) முழுவதுமாக அணைக்க வேண்டும். குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, ஒவ்வொரு தாவலாகத் திறந்துகொண்டே போக வேண்டும்.

எஞ்சியிருக்கும் ரேமுக்கு மேல் ஒரு தாவல் கேட்கும் கணத்தில் கணினி நின்றுவிடும். சுட்டியை நகர்த்தினால் திரையிலுள்ள அம்பு சில விநாடிகள் கழித்துத் துள்ளி வேறிடத்தில் நிற்கும். வட்டின் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு தாவலை மூடினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மூடும் பொத்தானை அழுத்தவே வழி இருக்காது. பலரும் அந்த நிலையில் மின்சாரப் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் வெளியே வந்திருக்கிறார்கள்.

கணினியின் நினைவகச் செயல்திறனைக் கூட்ட இயங்குதளத்தில் எதை மாற்றலாம் என்று தேடுபவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஸ்வாப்பை அணைத்துவிடு, முடியாவிட்டால் ஸ்வாப்பை எவ்வளவு நாடலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் அளவை 60-இலிருந்து 10-க்குக் குறை, வட்டுக் கோப்புகளின் பிரதிகளை ரேமில் வைத்திருக்கும் கேச்சை மணிக்கொரு முறை காலி செய். இந்த மூன்றும் நினைவகத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதில்லை என்பதோடு, முதல் இரண்டும் 4 ஜிபி கணினியை மேலே சொன்ன உறைநிலைக்கு இன்னும் அருகே தள்ளுகின்றன. 2019 புகாரின் செய்முறையில் ஸ்வாப்பை அணைக்கச் சொன்னது தற்செயல் அல்ல. கோளாறை விரைவாகவும் உறுதியாகவும் வரவழைக்க அதுவே நேர்வழி.

ஸ்வாப் இல்லாத கணினியில் வட்டு ஏன் ஓடுகிறது?

இந்த நிகழ்வைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். ஸ்வாப் என்பதே நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவைக்கும் இடம். அதை அணைத்த பிறகும் வட்டு விளக்கு மின்னுவது எப்படி?

விஎம்ஸ்டாட் என்ற கட்டளையை விநாடிக்கு ஒரு வரி காட்டும்படி ஓடவிட்டு, அதன் பிறகு தாவல்களைத் திறந்துபார்த்தால் விடை கண்ணெதிரே விழும். ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதைக் காட்டும் எஸ்ஐ நெடுவரிசையும், ஸ்வாப்புக்கு வெளியே போவதைக் காட்டும் எஸ்ஓ நெடுவரிசையும் தொடர்ந்து பூஜ்யமாகவே நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில், வட்டிலிருந்து படிக்கப்படும் தொகுதிகளைக் காட்டும் பிஐ நெடுவரிசை மட்டும் எகிறும். கேச் நெடுவரிசை கிடுகிடுவென இறங்கும். இடது ஓரத்தில், வட்டுக்காகக் காத்து நிற்கும் புராசஸ்களின் (ஓடும் நிரல்களின்) எண்ணிக்கையைச் சொல்லும் பி நெடுவரிசை ஏறும். சிறிது நேரத்தில் விஎம்ஸ்டாட் தன் அடுத்த வரியையே நேரத்துக்கு எழுத முடியாமல் திணறும். எழுதுவது எதுவும் நடக்கவில்லை. படிப்பது மட்டும் ஓயாமல் நடக்கிறது.

படிக்கப்படுவது நிரல்களின் குறிமுறைதான். கெர்னல் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. அப்பக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நிரல் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்ட தரவு: திறந்திருக்கும் தாவலின் உள்ளடக்கம், இன்னும் சேமிக்காத கடிதம் போன்றவை. இவற்றுக்கு வட்டில் பிரதி கிடையாது. மற்றொரு வகை, வட்டிலுள்ள ஒரு கோப்பின் பிரதி: உலாவியின் இயங்கு கோப்பு, அது பயன்படுத்தும் நூலகங்கள், திரையை வரையும் நிரல், எழுத்துருக்கள். இந்த இரண்டாம் வகையை எந்த நேரத்திலும் தூக்கி எறியலாம், தேவைப்பட்டால் கோப்பிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். முதல் வகையை வெளியேற்ற வேண்டுமானால் எங்காவது எழுதிவைத்தாக வேண்டும். அந்த இடம்தான் ஸ்வாப்.

வீட்டில் அடிக்கடி புழங்காத அண்டாவையும் குண்டாவையும் பரணில் ஏற்றிவைக்கிறோம். பரணுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் அண்டா சமையல் மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். இடம் வேண்டுமென்று அகற்றக்கூடியவை நொடிக்கொரு முறை தேவைப்படும் கத்தியும் கரண்டியும் மட்டுமே. ஸ்வாப்பை அணைத்தவர் செய்வது இதைத்தான். காலையில் திறந்து மறந்துபோன தாவலின் தரவு ரேமில் அசையாமல் கிடக்கிறது. இப்போது, இந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறைப் பக்கங்கள் வெளியேற்றப்படுகின்றன. வெளியேறிய அடுத்த மைக்ரோவிநாடியில் அவை மறுபடி வேண்டும். வட்டிலிருந்து படிக்கிறது, அதற்கு இடம் தேட இன்னொரு குறிமுறைப் பக்கத்தை வெளியேற்றுகிறது. அம்பு துள்ளுவதன் காரணமும் இதுவே: சுட்டியின் அசைவைத் திரையில் வரையும் நிரலின் பக்கங்களும் அந்தச் சுழலில் சிக்கியிருக்கின்றன.

நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்று இடம் பெறுவதற்கென்றே கெர்னலில் ஓஓஎம் கில்லர் இருக்கிறதே, அது என்ன செய்கிறது? இந்த வழக்கின் மிகச் சுவையான பகுதி இது. பக்கங்களை மீட்கும் முயற்சி பலனில்லாமல் போனால்தான் கெர்னல் அந்தக் கொலையாளியை அழைக்கும். முன்னேற்றமே இல்லாமல் 16 முறை முயன்று தோற்க வேண்டும் என்று மூல நிரலில் ஒரு மாறிலியே இருக்கிறது. ஆனால் மேலே விவரித்த சுழலில் கெர்னல் ஒவ்வொரு முறையும் சில பக்கங்களை மீட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மீட்ட பக்கம் அடுத்த கணமே மறுபடி வட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. கெர்னலின் பார்வையில் வேலை ஒழுங்காக நடக்கிறது. பயனரின் பார்வையில் கணினி செத்துவிட்டது.

எஸ்எஸ்டி வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் அங்கும் இங்குமாகச் சிதறிய படிப்புகள் விநாடிக்கு நூறு அளவில்தான் முடியும். எஸ்எஸ்டியில் பல ஆயிரம். அதனால் உறைநிலை சற்று மென்மையாகிறது என்பது உண்மை. ஆனால் வட்டு எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறதோ அவ்வளவு வேகமாக மீட்பு வேலை வெற்றி பெறுகிறது. ஓஓஎம் கில்லருக்கு அழைப்பு போவது அவ்வளவுக்குத் தள்ளிப்போகிறது.

கைமுறையாக அந்தக் கொலையாளியை எழுப்ப ஒரு விசைச் சேர்க்கை இருக்கிறது: ஆல்ட், சிஸ்ரெக், எஃப். உறைந்த கணினியிலும் இது வேலை செய்யும், ஏனென்றால் கெர்னலே அதை நேரடியாகக் கேட்கிறது. ஆனால் பலரும் பயன்படுத்தும் லினக்ஸ் வெளியீடான உபுண்டுவில் சிஸ்ரெக் அமைப்பின் முன்னிருப்பு மதிப்பு, அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் மதிப்பு, 176. அது 128, 32, 16 ஆகிய அனுமதி எண்களின் கூட்டு. கொல்வதற்கு அனுமதி தரும் 64 அந்தக் கூட்டில் இல்லை. பாதுகாப்புக் கருதிய முடிவுதான். ஆனாலும் வட்டுகளை ஒத்திசைக்கவும், அவற்றைப் படிக்க மட்டும் என மாற்றவும், கணினியையே மறுதொடக்கம் செய்யவும் அனுமதித்துவிட்டு, ஒரு தாவலைக் கொல்ல மட்டும் அனுமதிக்காதது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த கோளாறு

2019 புகார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2010 அக்டோபரில், குரோம் இயங்குதளத்தை உருவாக்கிய கூகுள் பொறியாளர்கள் இதே கோளாறை விவரித்து கெர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார்கள். அப்போது அவர்களுடைய கணினிகளில் ஸ்வாப் இல்லை. நினைவகம் குறையும்போது கோப்புப் பக்கங்களை மட்டுமே வெளியேற்ற முடிவதால், ஓஓஎம் கில்லர் விழிப்பதற்குள் சில நிமிடங்கள் கணினி உறைந்துபோகிறது என்று அவர்கள் எழுதினார்கள். அவர்கள் முன்வைத்த தீர்வு எளிமையானது: கோப்புப் பக்கங்கள் ஏறக்குறைய 50 எம்பிக்குக் கீழே இறங்கினால் அவற்றைத் தொடாதே. அந்தத் திருத்தம் முதன்மைக் கெர்னலில் சேரவில்லை. குரோம் இயங்குதளம் அதைத் தன் கெர்னலில் வைத்துக்கொண்டது. பிறகு ஸ்வாப்பையும் சுருக்கப்பட்ட வடிவில் ஏற்றுக்கொண்டது.

ஆக, 2019-இல் கேட்கப்பட வேண்டிய கேள்வி 'இது ஏன் நடக்கிறது' என்பது அல்ல. 'நடக்கிறது என்பதை இயங்குதளம் எப்படி அறிவது' என்பதுதான். வெற்று ரேம் எவ்வளவு என்று பார்த்தால் தெரியாது; நலமாக ஓடும் லினக்ஸ் கணினியிலும் வெற்று ரேம் சொற்பமாகவே இருக்கும், மீதியைக் கேச் எடுத்துக்கொள்ளும். கேச்சை மணிக்கொரு முறை காலி செய்யும் அறிவுரை அந்த எண்ணைப் பார்த்துப் பதறியவர்களுக்காகப் பிறந்தது. காலி செய்ததும் எண் அழகாகத் தெரியும், அடுத்து திறக்கும் ஒவ்வொரு நிரலும் மெதுவாகும். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து, 'கிடைக்கக்கூடியது' என்று தனியாக ஒரு மதிப்பீடு காட்டப்படுகிறது. ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டிய நெடுவரிசை அதுதான்.

ஆனால் சுழல் தொடங்கிவிட்டதா என்பதை அதுவும் சொல்லாது. அதைச் சொல்லும் கருவி, புகார் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கெர்னலில் சேர்ந்திருந்தது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யோகானஸ் வைனர் எழுதிய பிஎஸ்ஐ என்ற நெருக்கடி அளவீடு, 2018 டிசம்பரில் வெளியான 4.20 கெர்னலில் வந்தது. புராக் கோப்பகத்தின் கீழ் பிரஷர் என்ற உட்கோப்பகத்தில் மெமரி என்ற கோப்பைத் திறந்தால் இரண்டே வரிகள். 'சம்' என்று தொடங்கும் வரி, குறைந்தது ஒரு புராசஸாவது நினைவகத்துக்காகக் காத்து நின்ற நேரத்தின் விழுக்காட்டைச் சொல்கிறது. 'ஃபுல்' என்று தொடங்கும் வரி, ஓடவேண்டிய எல்லாப் புராசஸ்களும் ஒருசேரக் காத்து நின்ற நேரத்தைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் கடந்த 10, 60, 300 விநாடிகளின் சராசரி தரப்படுகிறது. நலமான கணினியில் இரண்டு வரிகளும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஃபுல் வரியின் முதல் எண் 50-ஐத் தாண்டினால், கடந்த பத்து விநாடிகளில் பாதி நேரம் கணினியில் பயனுள்ள வேலை எதுவுமே நடக்கவில்லை என்று பொருள். எவ்வளவு ரேம் மீதியிருக்கிறது என்ற எண்ணைவிட இது பயனருடைய அனுபவத்துக்கு எத்தனையோ மடங்கு நெருக்கமானது.

ஃபெடோரா எடுத்த வழி

இந்த வழக்கில் நடைமுறைத் தீர்வைப் பொதுப் பயனரிடம் முதலில் கொண்டுசேர்த்த பெரிய லினக்ஸ் வெளியீடு ஃபெடோரா. 2020 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 32-இன் மேசைக்கணினிப் பதிப்பில் ஏர்லி-ஓஓஎம் என்ற சிறு நிரல் முன்னிருப்பாக இயங்கியது. கெர்னல் விழிக்கும்வரை காத்திராமல், ரேமும் ஸ்வாப்பும் ஒருசேரக் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதே மிகப் பெரிய புராசஸை வெளியேறச் சொல்லும் காவல்காரன் அது. அந்த நிரலின் சொந்த முன்னிருப்பில், இரண்டும் 10 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் மரியாதையாக வெளியேறச் சொல்லும். 5-க்குக் கீழ் போனால் கேட்காமலே கொல்லும். முரட்டுத்தனமான தீர்வுதான். ஆனால் ஒரு தாவல் சாவது முழுக் கணினியும் சாவதைவிட மேல்.

உண்மையான மாற்றம் அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஃபெடோரா 33-இல்தான் நடந்தது. வட்டில் தனியாக ஸ்வாப் பகுதி வகுக்கும் வழக்கத்தை அது கைவிட்டு, இசட்-ரேமை முன்னிருப்பாக்கியது. நிதின் குப்தா 'காம்ப்கேச்' என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின் வாரிசு இந்த இசட்-ரேம், 3.14 கெர்னலில் முதிர்ந்த பகுதியாகச் சேர்ந்தது. இது ரேமுக்குள்ளேயே ஒரு போலி வட்டை உருவாக்கி, அதில் எழுதப்படும் பக்கங்களைச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. ரேமை எடுத்து ரேமிலேயே ஸ்வாப் செய்வதா என்று முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கணக்குப் போட்டால் சிரிப்பு அடங்கும். உலாவித் தரவு பெரும்பாலும் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுருங்கும். 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34 முதல், இசட்-ரேமின் அளவு 8 ஜிபி உச்சவரம்புக்கு உட்பட்டு ரேமின் அளவுக்குச் சமமாக அமைகிறது. 4 ஜிபி கணினியில் 4 ஜிபி தரவு அதற்குள் போய், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால், அது பிடிக்கும் உண்மையான இடம் சுமார் 1.3 ஜிபி. எஞ்சிய 2.7 ஜிபி ஓடும் நிரல்களுக்கு. எதுவும் எழுதப்படாதவரை இசட்-ரேம் ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு 4.4, 512 எம்பி ரேம் உள்ள கைபேசிகளுக்காக இதே உத்தியை 2013-இலேயே பரிந்துரைத்திருந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் மாவெரிக்ஸ் வெளியீட்டிலும், 2015-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இலும் நினைவகச் சுருக்கத்தைக் கொண்டுவந்தன. லினக்ஸ் மேசைக்கணினிதான் கடைசியாக வந்தது. அதற்குத் தேவையான கருவி லினக்ஸிடம்தான் பல காலமாகக் கிடந்தது.

ஸ்வாப்பினஸ் பற்றிய தவறான கணக்கு

இசட்-ரேமை இயக்கிவிட்டு, பழைய பழக்கத்தில் ஸ்வாப்பினஸை 10-க்குக் குறைப்பவர்கள் இன்றும் நிறைய. அந்த எண் ரேமில் எத்தனை விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் தொடங்க வேண்டும் என்பதைக் குறிப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. நிரல் தரவை வெளியேற்றுவதா, கோப்புப் பக்கத்தை வெளியேற்றுவதா என்ற தேர்வில் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவின் விகிதம் அது. 100 என்றால் இரண்டுக்கும் ஒரே செலவு. அதற்குக் கீழே போகப் போக, ஸ்வாப் மெதுவானது, கோப்புகளை மறுபடி படிப்பதே மலிவு என்று கெர்னலிடம் சொல்கிறோம்.

ஸ்வாப் மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் இருந்த காலத்தில் அது நியாயமான கூற்று. ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருக்கும்போது அது பொய். 2020-இல் வந்த 5.8 கெர்னலில் இந்த எண்ணின் மேல்வரம்பு 100-இலிருந்து 200-ஆக உயர்ந்ததன் காரணமே இதுதான். கெர்னல் ஆவணத்தில் தரப்படும் உதாரணக் கணக்கு நேரடியானது: கோப்புகள் உள்ள வட்டைவிட ஸ்வாப் இருமடங்கு வேகமானது என்றால், 200-ஐ ஒன்றுக்கு இரண்டாகப் பங்கிட வேண்டும், ஸ்வாப்பினஸ் 133. இசட்-ரேம் இருமடங்கைவிட வேகமானது என்பதால் 150, 180 என்று வைப்பவர்கள் உண்டு. 10 என்று வைத்தவர் காசு கொடுத்துப் பரண் கட்டிவிட்டு அதைப் பூட்டிவைத்திருக்கிறார்.

கூடவே மாற்ற வேண்டிய சிறிய அமைப்பு ஒன்று: பேஜ்-கிளஸ்டர். ஸ்வாப்பிலிருந்து ஒரு பக்கம் கேட்டால் கூடவே பக்கத்திலுள்ளவற்றையும் சேர்த்துப் படிக்கும் அளவு இது. முன்னிருப்பு 3, அதாவது இரண்டின் மூன்றாம் அடுக்கு: ஒரே மூச்சில் 8 பக்கங்கள். சுழலும் வட்டில் தலை ஒருமுறை நகர்ந்தால் கூடுதலாக அள்ளிக்கொள்வது லாபம். இசட்-ரேமில் அப்படி நகர எதுவும் இல்லை. கேட்காத ஏழு பக்கங்களை விரிப்பது வீண் வேலை. 0 என்று வைக்க வேண்டும்.

இருப்புக்கு மேல் நினைவகத்தை நிரல்களுக்கு வாக்களிப்பதையே தடுக்க, ஓவர்கமிட் அமைப்பை 2 என்று மாற்றச் சொல்பவர்களும் உண்டு. மேசைக்கணினியில் இது உதவாது. உலாவிகள் தாங்கள் ஒருபோதும் முழுவதும் பயன்படுத்தாத பிரம்மாண்டமான முகவரி வெளியை முன்பதிவு செய்துகொள்பவை. தடுத்தால், ரேம் பாதி காலியாக இருக்கும்போதே அவை விழுந்துவிடும்.

உபுண்டுவில் நடந்தது

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரு கட்டத்தில் நினைவகம் தீரவே செய்யும். அப்போது யாரைக் கொல்வது? ஃபெடோரா 34 முதல் ஏர்லி-ஓஓஎம் நிரலின் இடத்தைச் சிஸ்டம்டி-ஓஓஎம்டி பிடித்தது. இது ஃபேஸ்புக் தன் சர்வர்களுக்காக எழுதிய ஓஓஎம்டியின் வழியில் வந்தது. பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது. நெருக்கடி 60 விழுக்காட்டைத் தாண்டி 30 விநாடிகள் நீடித்தால் செயலில் இறங்கும் என்பது அதன் பொது முன்னிருப்பு. ரேமும் ஸ்வாப்பும் ஒருசேர 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினாலும் இறங்கும்.

2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 இதை ஏற்றுக்கொண்டபோது புகார்கள் குவிந்தன. உலாவி திடீரென்று மறைந்துவிடுகிறது, கணினியோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றார்கள் பயனர்கள். உபுண்டு வழக்கமாக அமைக்கும் ஸ்வாப் கோப்பு சிறியது. அத்தகைய சிறிய ஸ்வாப்பில் 90 விழுக்காடு நிரம்புவது நெருக்கடியின் அடையாளமே அல்ல, அன்றாடம் நடப்பது. போதாததற்கு, இந்த நிரல் தனி புராசஸைக் கொல்வதில்லை, குழுவாகக் கொல்கிறது. பழைய கில்லரிடம் சிக்கியிருந்தால் ஒரு தாவலோடு போயிருக்கும். இங்கே உலாவி முழுவதும், அத்தனை தாவல்களோடும் போய்விடும். ஸ்வாப் நிரம்பினால் கொல்லும் விதியைப் பின்னர் உபுண்டு முன்னிருப்பிலிருந்து விலக்கியது. ஃபெடோராவில் பெரிய இசட்-ரேமோடு சேர்ந்து வேலை செய்த விதி, சிறிய ஸ்வாப் கோப்போடு சேர்ந்ததும் வேட்டையாடியது. ஓர் அமைப்பை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நடுபவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

குரோம் இயங்குதளக்காரர்கள் 2010-இல் கேட்டது, வேறு உருவத்தில், 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலில் முதன்மைக் கெர்னலுக்குள் வந்துசேர்ந்தது. கூகுளின் யூ சாவ் எழுதிய பல தலைமுறை எல்ஆர்யு (நெடுநேரம் தொடாத பக்கத்தை முதலில் வெளியேற்றுவது எல்ஆர்யு) என்ற புதிய முறை, பக்கங்களைப் பழையவை, புதியவை என்ற இரண்டே பட்டியல்களுக்குப் பதிலாக வயதுவாரியாகப் பல தலைமுறைகளாகப் பிரிக்கிறது. அதில் மின்-டிடிஎல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, மில்லிவிநாடிகளில். அதில் 1000 என்று எழுதினால், கடந்த ஒரு விநாடிக்குள் பயன்படுத்தப்பட்ட பக்கங்களை வெளியேற்றக் கெர்னல் மறுக்கும். அவற்றை வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் உடனே ஓஓஎம் கில்லரை அழைக்கும். 2019 செய்முறையின் சுழலை அது தொடக்கத்திலேயே வெட்டிவிடுகிறது. முன்னிருப்பில் அந்த மதிப்பு 0, அதாவது காப்பு இல்லை. அதை மாற்றுவது பயனரின் கையில். மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ஓடும் அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்க வேண்டும்.